அடிவானத்துக்கு அப்பாலும் ஒரே வெப்பநிலை

வேலணையின் சாட்டிக் கடற்கரையில், நீர்விளிம்பில் நிற்கும் ஒருவருக்கு அடிவானம் ஏறத்தாழ நாலரைக் கிலோமீற்றர் தொலைவில் இருக்கிறது. கடல் அங்கே முடிவதில்லை; புவியின் வளைவால் பார்வைதான் முடிகிறது. ஆதலால் அடிவானம் கடலுக்குரிய எல்லையன்று, காண்பவருக்குரிய எல்லை. இடக்கைப் பக்கத்து அடிவானத்தில் ஒரு வள்ளமும் வலக்கைப் பக்கத்து அடிவானத்தில் இன்னொரு வள்ளமும் நிற்கின்றன எனக் கொள்வோம். கரையில் நிற்பவர் இரண்டையும் காண்பார். ஒரு வள்ளத்தைச் சூழ்ந்த கடற்பரப்போ மற்றதன் அடிவானத்துக்கு வெளியே கிடக்கிறது. இந்த எண்ணத்தை உறுதியாகப் பற்றிக்கொண்டால், அகிலத்தின் தொடக்ககால விரிவு பற்றிய மிக ஆழமான வினாவொன்றை அணுகலாம்.

அகிலத்திலும் அடிவானம் உண்டு. அதை வரையறுப்பது வளைவன்று, ஒளியின் வேகம். அகிலத்தின் வயது ஏறத்தாழ 1380 கோடி ஆண்டுகள். அக்காலத்துள் ஒளி வந்துசேர முடியாத இடங்கள் நமக்கு அடிவானத்துக்கு அப்பாற்பட்டவை. ஒளியை மிஞ்சி எச்செய்தியும் செல்லாது, வெப்பமும் செல்லாது. அகிலம் இளமையாக இருந்தபோது அடிவானமும் குறுகியதாகவே இருந்தது.

அடுத்து விரிவு. 1922இல் ஃபிரீட்மனும் 1927இல் லெமேட்ரும் ஐன்ஸ்டீனின் சமன்பாடுகளிலிருந்து விரியும் அகிலத்தைப் பெற்றனர். 1929இல் ஹபிள், விண்மீன் திரள்கள் விலகிச்செல்வதைக் காட்டும் தம் அளவீடுகளை வெளியிட்டார். விண்மீன் திரள்கள் ஒரு மையத்திலிருந்து வெளியே வீசப்படவில்லை. அவற்றுக்கிடையே உள்ள வெளிதான் நீள்கிறது. எனவே மையமும் இல்லை, விளிம்பும் வேண்டியதில்லை. இவ்விரிவுக்குத் தொடக்கம் உண்டு என்னும் கொள்கைக்குப் ‘பெருவெடிப்பு’ என்னும் பெயரை 1949இல் வானொலி உரையொன்றில் வழங்கிய ஃபிரெட் ஹொய்ல், அக்கொள்கையை ஏற்காதவர். அகிலம் எக்காலத்தும் ஒரே தன்மையது என்பதே அவர் தரப்பு. அவ்வழக்கில் நம் அயலிலிருந்தும் சான்று கிடைத்தது. நீலகிரியில் உதகமண்டலத்தை அடுத்து, கோவிந்த் சுவரூப்பின் தலைமையில் 530 மீற்றர் நீளமான வானொலித் தொலைகாட்டி 1970இல் இயங்கத் தொடங்கியது. அது நிற்கும் மலைச்சரிவின் சாய்வும் அவ்விடத்தின் அகலக்கோடும் ஏறத்தாழ 11 பாகை. ஆதலால் அதன் நீளச்சு புவியின் சுழலச்சுக்கு இணையாக அமைந்து, ஒற்றைச் சுழற்சியாலேயே வானப்பொருளைப் பல மணிநேரம் தொடர முடிகிறது. எத்துணை அழகிய இடத்தெரிவு! சந்திரன் தொலைவான வானொலி மூலங்களை மறைக்கும் கணங்களைக் கொண்டு, அத்தொலைகாட்டி அவற்றின் அளவைக் கணித்தது. அகிலம் காலப்போக்கில் மாறிவந்திருக்கிறது என்னும் கொள்கைக்கே அம்முடிவுகள் துணைநின்றன.

இதற்கு முன்பே, 1965இல், பென்சியாசும் வில்சனும் எல்லாத் திசையிலிருந்தும் வரும் நுண்ணலைக் கதிர்ப்பைக் கண்டறிந்ததாக அறிவித்திருந்தனர். அகிலத்துக்கு ஏறத்தாழ 380,000 வயதாயிருந்தபோது இலத்திரன்கள் கருக்களோடு சேர்ந்து அணுக்களாயின. ஒளி தடையின்றிப் பரவியது; அவ்வொளியே இக்கதிர்ப்பு. அன்று ஏறத்தாழ 3000 கெல்வினாக இருந்த அதன் வெப்பநிலை, விரிவினால் இன்று 2.725 கெல்வினாகத் தணிந்துள்ளது.

வினா இங்கேதான் பிறக்கிறது. கிழக்கே பார்த்தாலும் மேற்கே பார்த்தாலும் அதே 2.725, வேறுபாடு ஏறத்தாழ இலட்சத்தில் ஒரு பங்கு. ஒளி புறப்பட்ட அக்காலத்து அடிவானத்தைக் கணித்தால், இன்றைய வானில் அது ஒன்றிரண்டு பாகைதான். நான்கு முழுநிலவுகளை வரிசையாக வைத்த அகலத்தை மிஞ்சாது. அதற்கு மேல் விலகிய இரு பகுதிகளிடையே ஒளி அதற்குள் சென்றிருக்க முடியாது. ஒன்றையொன்று அறியாத பகுதிகள் ஒரே வெப்பநிலைக்கு எவ்வாறு வந்தன? ‘தொடக்கத்திலேயே அப்படி இருந்தது’ எனலாம். அது விடையாகாது, வினாவைப் பின்னுக்குத் தள்ளுவதே.

ஆலன் கூத் 1981இல் முன்வைத்த விடை பெருவீக்கம். முதற் செக்கனின் நினைக்கவியலாச் சிறு பகுதியில் வெளி குறைந்தது 10இன் 26ஆம் அடுக்கு மடங்கு நீண்டது என்பது கொள்கை. அதற்கு முன் நம் வானமுழுதும் அடங்கிய பகுதி மிகச் சிறியது; ஒளி அதைக் கடக்கவும் வெப்பம் சமனடையவும் நேரம் இருந்தது. பிறகு அயலில் இருந்தவையே ஒன்றன் அடிவானத்திலிருந்து மற்றது நீங்கின. இது ஒளிவேக விதியை மீறாது: அவ்விதி வெளிக்குள் செல்லும் பொருளுக்குரியது, வெளியின் நீட்சிக்கன்று. கூத்தின் முதல் வடிவத்தில் வீக்கம் சீராக முடியவில்லை. 1982இல் லிண்டேயும், தனியே அல்பிரெக்ட்டும் ஸ்டைன்ஹார்ட்டும் அக்குறையைத் தீர்த்தனர்.

இக்கொள்கையின் வலிமை, கேட்ட வினாவுக்கு விடைதந்ததோடு நிற்கவில்லை என்பதே என் கணிப்பு. வீக்கத்தின்போது எழுந்த குவாண்டக் குலைவுகள் பெருகி, விண்மீன் திரள்களின் வித்துகளாகும் என்றது. கோபி செய்மதி 1992இல் அந்த இலட்சத்தில் ஒரு பங்கு வேறுபாட்டைக் காட்டியது. குலைவுகளின் வலிமை எல்லா அளவிலும் ஏறக்குறைய ஒன்றாகவும், பேரளவில் சற்றே மிகுதியாகவும் இருக்குமென எளிய மாதிரிகள் எதிர்பார்த்தன. பிளாங்க் செய்மதி அவ்வாறே அளந்தது.

எனினும் வீக்கத்தை இயக்கிய புலம் எதுவென எவரும் காட்டியதில்லை. ஸ்டைன்ஹார்ட்டே பின்னர் அதன் கடும் விமர்சகரானார். விரிவுக்கு முன் நெடிய சுருக்கம் ஒன்று நிகழ்ந்து, அப்போதே வெப்பம் சமனடைந்தது என்பது அவர் ஆராய்ந்த மாற்றுவழி. இரண்டையும் பிரித்தறிய உதவக்கூடியது வீக்கம் எழுப்பியிருக்க வேண்டிய ஈர்ப்பலைகளின் தடம். தென்துருவத்தின் பைசெப் குழு 2014இல் அதைக் கண்டதாக அறிவித்தது. அச்சமிக்ஞையில் நம் விண்மீன் திரளின் தூசிக்குப் பெரும்பங்கு உண்டென 2015இல் பிளாங்க் தரவுகளோடு சேர்ந்த ஆய்வு காட்டியது. 2021இல் அதே தென்துருவக் குழு வெளியிட்ட கூர்மையான அளவீட்டிலும் தடம் தென்படவில்லை. ஆனால் அவ்வளவீடு எளிய வீக்க மாதிரிகள் பலவற்றை விலக்கிவிட்டது.