இரவுப் பாத்திரம்

என் அண்ணன் மகள் போன மாதம் புதுக் கண்ணாடி வாங்கி வந்தாள். விருத்தாசலம் கடைவீதியில் ஒரு கடை. அவளுக்குப் பவர் எதுவும் இல்லை. பகலெல்லாம் கம்ப்யூட்டர் சென்டரில் டைப் செய்கிறாள். சாயங்காலம் பஸ் ஏறி கருவேப்பிலங்குறிச்சி வந்து சேர்வதற்குள் கண் எரிகிறது, தலை வலிக்கிறது. ராத்திரி படுத்தால் தூக்கம் வருவதில்லை. கடைக்காரர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எல்லாம் நீல வெளிச்சம்மா" என்று ஒரு சின்ன டார்ச்சை எடுத்திருக்கிறார். அட்டை ஒன்றின் மேல் அடித்தால் வெளிச்சம் பட்ட இடம் நிறம் மாறுகிறது. நடுவில் அந்தக் கண்ணாடியைப் பிடித்தால் மாறுவதில்லை. எண்ணூறு ரூபாய் கூடக் கொடுத்து வாங்கிவிட்டாள். டார்ச்சும் அட்டையும் இலவசம்.

"நீங்கதான் எதுக்கும் ஆதாரம் கேப்பீங்களே சித்தப்பா, நீங்களே அடிச்சுப் பாருங்க" என்று என்னிடம் நீட்டினாள்.

அடித்துப் பார்த்தேன். சோதனை உண்மைதான், ஆனால் சோதிக்கப்பட்டது வேறு. இந்த டார்ச்சுகள் அடிப்பது ஊதா ஒளி, சுமார் 405 நானோமீட்டர் அலைநீளம். போன் திரையின் நீலம் 450ஐ ஒட்டியது. முன்னதை முழுக்க மறிக்கிற கண்ணாடி, நீல ஒளியில் மறிப்பது பெரும்பாலும் 10 முதல் 25 விழுக்காடுதான். 2023இல் காக்ரேன் அமைப்பு 17 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. கம்ப்யூட்டர் வேலையால் வரும் கண் களைப்பை இந்தக் கண்ணாடி குறைப்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. இங்கிலாந்தில் பூட்ஸ் ஆப்டிசியன்ஸ் நிறுவனம் இந்தக் கண்ணாடிக்குத் தவறான விளம்பரம் கொடுத்ததற்காக 2017இல் 40,000 பவுண்டு அபராதம் கட்டியது. மந்திரித்துக் கட்டிய கயிற்றை அறுத்தெறிந்த குடும்பம் எங்களுடையது. அதே நம்பிக்கை பிரேம் போட்டு மூக்கின் மேல் வந்து உட்கார்ந்திருக்கிறது.

எரிச்சலுக்குக் காரணத்தை இமையில் தேட வேண்டும். சாதாரணமாக நிமிடத்துக்குப் பதினைந்து தடவை போல இமைக்கிறோம். திரையை உற்றுப் பார்க்கும்போது அது ஐந்து, ஏழு என்று இறங்கிவிடுகிறது. இமைதான் கண்ணீரைக் கண் முழுக்கப் பூசுகிறது. பூச்சு இல்லாமல் காற்றில் கிடக்கும் கண் காய்கிறது. அகல் விளக்கும் பொம்மையும் செய்கிற பகுதி இது. ஈரம் போன மண் என்ன ஆகும் என்று இங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். கிட்டத்தில் இருப்பதையே மணிக்கணக்கில் பார்ப்பதால் கண்ணுக்குள் இருக்கும் தசையும் அசந்துபோகிறது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை தலையை நிமிர்த்தி, இருபது அடிக்கு அப்பால் உள்ள எதையாவது இருபது விநாடி பார்த்தால் அது இளகும். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு வெள்ளெழுத்தும் இருக்கலாம், சோதித்துக்கொள்ள வேண்டும்.

தூக்கத்தின் கதை வேறு. பொழுது சாய்ந்தால் தூங்குமூஞ்சி மரம் இலையை மடித்துக்கொள்கிறது. இப்படி மடியும் செடி ஒன்றை 1729இல் பிரான்சின் விஞ்ஞானி டி மேரான் இருட்டுக்குள் வைத்துப் பார்த்தார். வெயிலே படாமலும் அது வேளைக்கு விரிந்தது, வேளைக்கு மடிந்தது. உயிருக்குள்ளேயே ஒரு கடிகாரம் இருக்கிறது, வெளிச்சம் அதன் முள்ளைத் திருப்பி வைக்கிறது. நம் விழித்திரையில் அதற்கென்றே சில செல்கள் இருப்பது 2002இல் தெரிய வந்தது. ஆகவே இரவில் திரை வெளிச்சம் கெடுதல் என்பது பொய்யல்ல. கெடுதல் எவ்வளவு என்பதுதான் கேள்வி. பாஸ்டனில் பன்னிரண்டு பேரை வைத்து நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. படுப்பதற்கு முன் நான்கு மணி நேரம், ஐந்து நாள் தொடர்ந்து, பளிச்சென்ற திரையில் படித்தார்கள். அச்சுப் புத்தகம் படித்த நாட்களைவிடத் தூக்கம் வர அவர்களுக்குச் சுமார் பத்து நிமிடம் கூடுதலாக ஆயிற்று.

பத்து நிமிடம். என் அண்ணன் மகள் இழப்பது இரண்டு மணி நேரம். மீதி எங்கே போகிறது?

இவ்வளவையும் அவளிடம் ஒரே மூச்சில் சொல்லி, "பத்து மணிக்கு போனைத் தூக்கித் தூர வைம்மா" என்று முடித்தேன்.

"பத்து மணிக்குப் பாத்திரமே கழுவி முடிச்சிருக்க மாட்டேனே சித்தப்பா."

அவள் வீட்டுக்காரர் செராமிக் கம்பெனியில் சூளை வேலை பார்க்கிறார். இராத்திரி ஷிப்ட் முடிந்து காலையில் வந்து படுத்தால் வீடே அடங்கிவிடும். லீவு நாளில் நானே பார்த்திருக்கிறேன். "அப்பா தூங்குறாரு" என்று பிள்ளைகள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடப்பார்கள், மிக்ஸி ஓடாது, கதவு சாத்தியிருக்கும். அது நியாயம்தான். நெருப்புக்கு முன்னால் விழித்திருந்த உடம்பு அது. ஆனால் அவள் தூங்கும்போது அந்த வீட்டில் யாராவது செருப்பைக் கழற்றி நான் பார்த்ததில்லை. சூளைக்கு ஷிப்ட் முடிகிற நேரம் இருக்கிறது. அடுப்படிக்கு இல்லை. பஸ்ஸிலிருந்து இறங்கியதும் அரிசி களைகிறாள், பிள்ளைகளைப் படிக்க உட்கார வைக்கிறாள், மாமியாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கிறாள், பாத்திரம் கழுவி மேடையைத் துடைக்கிறாள். பதினொன்றுக்குத்தான் யாரும் அவளைக் கூப்பிடாத நேரம் தொடங்குகிறது. அந்த நேரத்தில் ரீல்ஸ் பார்க்கிறாள். தூக்கத்தை விற்று அவள் வாங்குவது தனக்கென்று ஒரு மணி நேரம்.

அந்தப் பசியைத் தெரிந்துதான் வீடியோ நிறுவனங்கள் ஒன்று முடிவதற்குள் அடுத்ததை ஓட விடுகின்றன. தங்களுக்குப் போட்டி தூக்கம்தான் என்று நெட்ஃபிளிக்ஸின் அப்போதைய தலைவர் ரீட் ஹேஸ்டிங்ஸ் 2017இல் வெளிப்படையாகவே சொன்னார்.

"உங்க வீட்ல ராத்திரி பாத்திரம் யாரு கழுவுறது சித்தப்பா?" என்று கேட்டாள். குத்திக்காட்ட அல்ல, உண்மையாகவே கேட்டாள்.

"உங்க சித்தி" என்றேன்.

மத்திய அரசின் 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு சொன்னது இது: கூலியில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் அதற்குச் செலவிட்டது நாளைக்கு 299 நிமிடம், ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிடம். ஆண்களில் அந்த வேலையைத் தொட்டவர்களே நூற்றுக்கு 26 பேர்தான். எட்டு மணி நேர உழைப்பு, எட்டு மணி நேர ஓய்வு என்று கேட்கும் மே தினத்தை இந்தியாவில் முதன்முதலாகத் தொழிலாளர் தலைவர் சிங்காரவேலர் சென்னையில் 1923இல் கொண்டாடினார். சரியாக நூறு வருடம் கழித்து, ஆலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா நம் சட்டமன்றத்தில் நிறைவேறியபோது தொழிற்சங்கங்கள் கொதித்தன. அந்த வருட மே தினத்திலேயே அது திரும்பப் பெறப்பட்டது. நானும் சந்தோஷப்பட்டேன். அன்றைக்கும் என் வீட்டுப் பாத்திரத்தை என் மனைவிதான் கழுவினாள். 'பெண் ஏன் அடிமையானாள்?' என்ற புத்தகம் எங்கள் அலமாரியில் முப்பது வருடமாக இருக்கிறது, நான்கைந்து பேருக்கு இரவல் கொடுத்திருக்கிறேன். அலமாரிக்கும் அடுப்படிக்கும் நடுவில் எட்டு அடிகூட இல்லை.

தோழர்களே, மனைவியின் போனைப் பிடுங்கி வைக்க நமக்கு உரிமை இல்லை. மகளுக்கு இப்படி ஒரு கண்ணாடி வாங்கிக் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று படுக்கவும் உரிமை இல்லை. முதலில் அவள் கையிலிருக்கும் தேங்காய் நாரை வாங்குங்கள்.

மூன்று வாரமாக எங்கள் வீட்டில் இரவுப் பாத்திரம் என்னுடையது. முதல் நாள் அடிப்பிடித்த பால் சட்டியைத் தேய்க்கவே கால் மணி நேரம் ஆயிற்று. என் மனைவி அந்த நேரத்தில் வாசல்படியில் உட்கார்ந்து போனில் பாட்டுக் கேட்கிறாள், பக்கத்து வீட்டுப் பெண்ணோடு பேசுகிறாள். போன் அதே போன், வெளிச்சமும் அதே வெளிச்சம். ஒரு வீட்டில் நடந்ததை ஆய்வு முடிவாக நான் சொல்ல மாட்டேன். நேற்று நான் கை துடைத்துக்கொண்டு வெளியே வந்தபோது மணி ஒன்பதே முக்கால். அவள் உள்ளே போய்ப் படுத்திருந்தாள். கதவை மெதுவாகச் சாத்தினேன்.