நாளைக்குக் கணக்கு எழுதலாமா?

பறவைகளையும் காட்டுப் பூக்களையும் காட்டி, நாளைய கவலையை விட்டுவிடச் சொல்கிறார் இயேசு. மலைப்பிரசங்கத்தில் வரும் இந்தப் போதனையை ஏற்றுப் பதின்ம வயதில் ஞானஸ்நானம் பெற்ற ஒரு ஜப்பானியப் பெண், பிறகு அரை நூற்றாண்டு தன் நாட்டுக் குடும்பங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தது என்ன தெரியுமா? முன்கூட்டியே செலவைப் பிரித்து எழுதி வையுங்கள், தினமும் உட்கார்ந்து கணக்கு எழுதுங்கள் என்பதுதான். அவர் பெயர் ஹானி மோட்டோகோ. இந்த இரண்டையும் ஒரே மனத்தில் வைத்துக்கொள்ள முடியுமா என்ற கேள்வி, சம்பள நாளில் கோயிலுக்கும் போய் வங்கிக்கும் போகிற எல்லோருக்கும் உரியது.

ஹானி 1873இல் வடக்கே அவோமோரியைச் சேர்ந்த ஹச்சினோஹே ஊரில், பழைய சாமுராய் குடும்பமொன்றில் பிறந்தார். டோக்கியோவுக்குப் படிக்க வந்தவர் 1890இல் கிறிஸ்தவரானார். பெண்களுக்கான பத்திரிகை ஒன்றில் பிழை திருத்திக் கொடுத்து, கல்லூரிக் கட்டணத்தைச் சமாளித்தார். முதல் திருமணம் சீக்கிரமே முறிந்தது. அதன்பின் டோக்கியோவில் பெண் மருத்துவர் யோஷியோகா யாயோய் வீட்டில் வேலைக்காரியாக இருந்தார். ‘ஹோச்சி ஷிம்புன்’ நாளிதழில் பிழைதிருத்துபவராக நுழைந்து நிருபராக உயர்ந்தார். ஜப்பானின் முதல் பெண் நிருபர் என்று பொதுவாக அவரைத்தான் சொல்கிறார்கள். 1901இல் உடன் பணியாற்றிய ஹானி யோஷிகாஸுவை மணந்தார். மாப்பிள்ளை ஏழு வயது இளையவர். 1903இல் இருவரும் சேர்ந்து ஒரு குடும்பப் பத்திரிகை தொடங்கினார்கள். 1908 முதல் ‘ஃபுஜின் நோ தோமோ’ என்ற பெயரில் வரும் அது இன்னும் நிற்கவில்லை.

1904இல் வெளிவந்தது அவருடைய ‘ககேபோ’, அதாவது வீட்டுக் கணக்குப் புத்தகம்.

அந்தக் காலத்து டோக்கியோ நடுத்தர வீட்டில் பணம் எப்படிப் புழங்கியது என்று தெரிந்தால்தான் அந்தப் புத்தகம் செய்த வேலை புரியும். அரிசிக்கடைக்காரரும் மது விற்பவரும் வாசலுக்கே வந்து என்ன வேண்டும் என்று கேட்டுப் போவார்கள். வாங்கியதெல்லாம் பற்றுப் புத்தகத்தில் ஏறும். மாதக் கடைசியிலோ, கோடைகாலத்து ஓபோன் பண்டிகைக்கும் ஆண்டு முடிவுக்குமோ மொத்தமாகத் தீர்க்க வேண்டும். என்ன செலவாயிற்று என்பதைச் செலவழித்த பிறகு கடைக்காரர் சொல்லித்தான் வீட்டுக்காரி தெரிந்துகொள்வாள். ஹானி இதைத் தலைகீழாக்கினார். முதலில் பட்ஜெட், பிறகு செலவு.

இன்றும் அவர் பெயரில் அச்சாகும் புத்தகத்தைப் புரட்டினால், உணவுக்கே மூன்று தலைப்புகள்: சோறு போன்ற முக்கிய உணவு, பக்க உணவு, உப்பு புளி போன்ற சுவைப் பொருட்கள். அரிசிச் செலவு மாதத்துக்கு மாதம் பெரிதாக மாறாது. கை தாராளமாவது காய்கறியிலும் மீனிலும்தான். அதைத் தனியே பிரித்துவிட்டால் மாதம் முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, பத்தாம் தேதியே தெரிந்துவிடும். எழுத்துப் பிழை பிடித்துப் பழகிய கண் செலவையும் இப்படித்தான் பார்த்திருக்கும்போல. தொடர்ந்து படிப்பு, மருத்துவம், கொடுக்கல்வாங்கல் மரியாதைகள், பொழுதுபோக்கு என்று தலைப்புகள் போகின்றன. அவற்றோடு ‘பொதுச் செலவு’ என்றும் ஒன்று உண்டு. தன் குடும்பத்துக்கு வெளியே, சமூகத்துக்குக் கொடுப்பதற்கான இடம் அது.

ஜெர்மனியில் சமூகவியலாளர் மாக்ஸ் வெபர் தம் புகழ்பெற்ற கட்டுரையை வெளியிடத் தொடங்கியதும் இதே 1904இல்தான். புராட்டஸ்டண்டு நெறிக்கும் முதலாளித்துவ மனப்பான்மைக்கும் உள்ள உறவைப் பற்றியது அது. பியூரிட்டன்கள் தங்கள் ஆன்மாவுக்கே நாட்குறிப்பில் கணக்கு எழுதினார்கள், பெஞ்சமின் ஃபிராங்க்ளின் பதின்மூன்று நற்குணங்களுக்குக் கட்டம் போட்டுத் தினமும் புள்ளி வைத்தார் என்பதையெல்லாம் வெபர் அடுக்குகிறார். ஹானியை அந்த வரிசையில் சேர்த்துவிடுவது சுலபம். பலர் சேர்க்கவும் செய்வார்கள்.

அது முழு உண்மையாகாது. ஹானி பிறப்பதற்கு முன்பே, 1856இல் இறந்துபோன நினோமியா சோந்தோகு என்ற உழவர் ஞானி ஜப்பானியக் கிராமங்களுக்கு ஒரு முறையைக் கற்றுக்கொடுத்திருந்தார். வரவைப் பார்த்துச் செலவுக்கு வரம்பு கட்டு. மிஞ்சுவதில் ஒரு பங்கைப் பிறருக்கு விட்டுக்கொடு. இரண்டும் சேர்ந்தால்தான் அவர் முறை முழுமையாகும். ஹானியின் கணக்குப் புத்தகம் ஃபிராங்க்ளினின் கட்டங்களைவிட இந்த உழவருக்கே நெருக்கமாகத் தெரிகிறது. பொதுச் செலவுத் தலைப்புதான் அதற்குச் சாட்சி.

சரி, மலைப்பிரசங்கம்? நிதி ஆலோசனை சொல்லும் கிறிஸ்தவர்கள் வழக்கமாகத் தரும் பதில் ஒன்று உண்டு. இயேசு தடுத்தது கவலையை, திட்டத்தை அன்று. திட்டம் போட்டவனுக்குக் கவலை குறையும். கேட்க இதமாக இருக்கிறது. ஆனால் லூக்கா எழுதிய சுவிசேஷம் அவ்வளவு எளிதில் விடுவதில்லை. பன்னிரண்டாம் அதிகாரத்தில் ஒரு பணக்காரன் வருகிறான். விளைச்சல் பெருகிவிட்டது, பெரிய களஞ்சியம் கட்டிப் பல வருஷத்துக்குச் சேர்த்து வைக்கத் திட்டமிடுகிறான். அன்றிரவே அவன் உயிர் கேட்கப்படுகிறது. இரண்டு அதிகாரம் தள்ளி அதே இயேசு, கோபுரம் கட்ட நினைப்பவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க மாட்டானா என்று கேட்கிறார். இருவரும் கணக்குப் போடுகிறவர்கள்தான். ஒருவன் மூடன் என்று பேர் வாங்குகிறான், மற்றவனின் நிதானம் சீடர்களுக்கே எடுத்துக்காட்டாகிறது. களஞ்சியக்காரன் திட்டமிட்டது தவறாகச் சொல்லப்படவில்லை. அவன் போட்ட கணக்கில் அவனைத் தவிர வேறு ஆளே இல்லை, குற்றம் அங்கேதான்.

இப்படிப் பார்த்தால் ஹானிக்கு முரண்பாடு இல்லை. கொடுப்பதை மாதக் கடைசி மிச்சத்துக்கு விட்டுவைக்காமல், அரிசிக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் பக்கத்திலேயே ஒரு தலைப்பாக எழுதவைத்தது, களஞ்சியக்காரனின் நோய்க்கு நேரடியான மருந்து. மிச்சத்திலிருந்து கொடுக்கலாம் என்று காத்திருக்கும் வீடுகளில் மிச்சம் வருவதே இல்லை என்பது யாருக்குத்தான் தெரியாது?

ஒரு சந்தேகத்தையும் சொல்லியாக வேண்டும். அஞ்சறைப் பெட்டிக்குள்ளும் புடவை மடிப்புக்குள்ளும் நம் பாட்டிமார் ஒளித்து வைத்ததைப் போல, ஜப்பானிய மனைவிமாருக்கும் கணவருக்குத் தெரியாத சேமிப்பு உண்டு. எல்லாவற்றையும் எழுது என்று சொல்லும் கணக்குப் புத்தகம் அந்த ஒளிவிடத்தையும் வெளிச்சத்துக்கு இழுத்துவிடுகிறது. மனைவியோடு சரிசமமாக உழைத்த யோஷிகாஸுவைப் போன்ற கணவர் வாய்த்த வீட்டில் அதனால் நஷ்டமில்லை. மற்ற வீடுகளில்? முதல் கணவரின் வீட்டை விட்டுத் தனியே கிளம்பிய ஹானிக்கு இது தெரியாமல் இருந்திருக்காது.

இதைவிடப் பெரிய சிக்கல் பொதுச் செலவுத் தலைப்பிலேயே காத்திருந்தது. ஹானி 1921இல் ஜியூ காகுவென் என்ற பள்ளியைத் தொடங்கினார். சுதந்திரம் என்ற சொல்லைத் தாங்கிய அந்தப் பெயர், சத்தியம் விடுதலையாக்கும் என்ற யோவான் சுவிசேஷ வாக்கிலிருந்து வந்தது. கட்டடம் ஃபிராங்க் லாயிட் ரைட் வடிவமைத்தது. 1930இல் பத்திரிகை வாசகிகள் ‘தோமோ நோ காய்’ என்ற அமைப்பாகத் திரண்டு, ஊர் ஊராகக் கூடிக் கணக்கு எழுதக் கற்றுக்கொண்டார்கள். இப்படி ஒழுங்காகச் சேமிக்கும் குடும்பங்கள் எந்த அரசாங்கத்துக்கும் பெரிய வரப்பிரசாதம். 1920களிலிருந்தே சிக்கனப் பிரசாரங்களில் அரசு பெண் தலைவர்களைத் துணைக்கு அழைத்தது. ஹானியும் போனார். சீனாவுடன் போர் மூண்டபின் வீட்டுச் சேமிப்பு ஆயுதச் செலவாக மாறியது. 1938இல் ஜப்பானியப் படையின் பிடியில் இருந்த பெய்ஜிங்கில் அவர் ஒரு பெண்கள் பள்ளியையும் நடத்தத் தொடங்கினார். நெருக்கடி வந்தபோதும் பள்ளியின் பெயரிலிருந்து சுதந்திரம் என்ற சொல்லை எடுக்க மறுத்தவர் என்று அவரைப் போற்றுவோர் நினைவூட்டுவார்கள். அது நியாயமான பெருமை. ஆனால் அந்தப் பெருமை போர்ச் சேமிப்பில் அவருக்கிருந்த பங்கைக் கழித்துவிடாது.

1946 பிப்ரவரியில் பணவீக்கத்தை அடக்க ஜப்பான் அரசு வங்கி இருப்புகளை முடக்கி, புது யென் நோட்டுகளை வெளியிட்டது. போர்க்காலம் முழுக்க வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த குடும்பங்கள், எடுக்க முடியாத தங்கள் பணம் மதிப்பிழந்து போவதைப் பார்த்தன. லூக்காவின் பணக்காரன் தனக்காகக் களஞ்சியம் கட்டினான். இவர்கள் கட்டியது நாட்டுக்காக. இரு தரப்பின் தானியமும் போயிற்று.

ஹானியின் தவறு கணக்கு எழுதச் சொன்னதில் இல்லை. பிறருக்கென ஓர் இடத்தைக் கணக்கில் ஒதுக்கியவர், அந்த இடத்தில் வந்து உட்கார்ந்த அரசை ‘நீ யார்’ என்று கேட்கவில்லை. கடவுளுக்குக் கணக்குக் கொடுக்கிறேன் என்ற ஒரு கிறிஸ்தவர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. தேசமும் தன்னலம்தான், கொஞ்சம் பெரிய அளவில். ஒரு குடும்பத்தின் களஞ்சியத்தைக் கண்டிக்கும் உவமை ஒரு பேரரசின் களஞ்சியத்தை மட்டும் எப்படி விட்டுவைக்கும்?

ஹானி 1957இல் காலமானார். தோமோ நோ காய் உறுப்பினர்கள் இன்றும் தங்கள் கணக்குகளைத் தொகுத்து, குடும்பச் செலவின் சராசரிகளைப் பார்த்துப் பேசிக்கொள்கிறார்கள். ககேபோ என்ற பெயரில் இப்போது உலகெங்கும் விற்கும் சேமிப்புக் கையேடுகளில் செலவைத் தேவை, ஆசை, பண்பாடு, எதிர்பாராதது என்று நான்காகப் பிரித்துக் காட்டுகிறார்கள். பிறருக்கு என்று தனித் தலைப்பு அந்த நான்கில் இல்லை. வாங்குபவர்கள் ஐந்தாவது கோட்டைத் தாங்களே போட்டுக்கொள்ளட்டும். அதில் எழுதும் தொகை யார் கைக்குப் போகிறது என்பதையும் விசாரித்துக்கொள்ளட்டும்.