உலர்ந்த துணி

நம் வீடுகளில் அக்கறை பெரும்பாலும் ஈரத்தோடுதான் வரும். வாசல் தெளிக்கிறோம், தரையைக் கழுவி விடுகிறோம், வெள்ளிக்கிழமை வந்தால் குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்குகிறோம். தேய்க்கத் தேய்க்க விளக்குக்குப் பளபளப்பு ஏறும். டிவிக்கு அது ஆகாது. தேய்த்தால் கெடும் பொருள் ஒன்று கூடத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது. அதைப் பேணுவதென்றால் பழகிய கையை அடக்கத் தெரிய வேண்டும். தொடுவதைக் குறைப்பது, வெளிச்சத்தைக் குறைப்பது, வேண்டாத நேரத்தில் அணைத்துவிடுவது. இத்தனை வருஷம் டிவியோடு வாழ்ந்ததில் எனக்குப் பிடிபட்டது இவ்வளவுதான். இதில் எனக்கு அமைதியும் கிடைத்திருக்கிறது.

*

பிக்சர் டியூப் காலத்துத் திரை கெட்டிக் கண்ணாடி. ஈரத் துணியால் துடைத்தாலும் தாங்கும். அந்தக் கைப்பழக்கம் நம்மிடம் தங்கிவிட்டது. இப்போதைய எல்இடி டிவிகளில் நம் விரல் படுவது பெரும்பாலும் கண்ணாடியே அல்ல, அதன்மேல் ஒட்டிய மெல்லிய பிளாஸ்டிக் படலம். கண் கூசாமலிருக்க அதற்கு ஒரு பூச்சும் உண்டு. ஜன்னல் கண்ணாடிக்கு அடிக்கும் திரவத்தில் அமோனியாவோ ஆல்கஹாலோ இருந்தால் அந்தப் பூச்சு திட்டுத் திட்டாக வெளுத்துப் போகும். செய்தித்தாள், டிஷ்யூ, சேலைத் தலைப்பு எல்லாமே அதற்குச் சொரசொரப்புதான்.

தண்ணீரால் வரும் கெடுதலைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். சரியாகப் பிழியாத துணியிலிருந்து ஒரு சொட்டு திரையில் வழிந்து இறங்குகிறது. கீழ்ச்சட்டத்தின் இடுக்கில் நுழைந்து காணாமல் போகிறது. பல டிவிகளில் அந்த இடத்தில்தான் பேனலையும் போர்டையும் இணைக்கும் மெல்லிய பட்டைகள் மடங்கி ஒட்டியிருக்கும். ஒவ்வொரு பட்டையிலும் கண்ணால் எண்ண முடியாத நெருக்கத்தில் நூற்றுக்கணக்கான மின்தடங்கள். திரையின் நெடுக்கு வரிசைகளுக்குச் செய்தி கொண்டு போவது அவைதான். ஈரம் பட்டு ஒரு தடம் அரித்துப் போனால் மேலிருந்து கீழ்வரை ஒரு கோடு விழும். துடைத்த அன்றைக்கே விழாது. நாள் கழித்து, துடைத்ததையே எல்லோரும் மறந்த பிறகு விழும். அதனால்தான் அந்தச் சொட்டின் மேல் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. பேனலை மாற்றும் செலவு கிட்டத்தட்டப் புது டிவி வாங்கும் செலவு.

அணைத்து, சூடு ஆறவிட்டு, மைக்ரோ ஃபைபர் துணியால் அழுத்தாமல் மேலிருந்து கீழாக ஒரு துடைப்பு. பிள்ளைகளின் எண்ணெய்க் கை பட்ட இடத்துக்கு மட்டும் துணியின் ஓரத்தில் லேசான ஈரம், உடனே உலர்ந்த பக்கத்தால் இன்னொரு துடைப்பு. ஈரம் துணியில்தான் இருக்க வேண்டும், திரையில் தெளிக்கவே கூடாது. விரலைப் பேனலில் அழுத்தாமல் துடைக்க மூச்சும் நிதானமாக வேண்டியிருக்கிறது. அவசரமான நாளில் நான் தொடுவதேயில்லை.

*

பழைய பெட்டிக்குத் தூசி தானாகப் போய் ஒட்டும். கலர் பிக்சர் டியூபுக்குள் இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் ஓடும். திரைக்குப் பக்கத்தில் கையைக் கொண்டு போனால் ரோமம் எழுந்து நிற்கும், காதில் படபடவென்று ஒரு சத்தம். ஆடிக் காற்றில் தெருப் புழுதி முழுக்கத் திரையில் படிந்திருக்கும்.

அதற்கு ஒரு கீச்சொலியும் உண்டு. 625 வரிகள், விநாடிக்கு 25 படம், பெருக்கினால் 15,625. எலக்ட்ரான் கற்றை விநாடிக்கு அத்தனை முறை குறுக்கே ஓடும்போது உள்ளிருக்கும் சுருள்கள் அதிர்ந்து எழும் ஒலி அது. சிறு பிள்ளைகளுக்கு நன்றாகக் கேட்கும். ஒலியைச் சுத்தமாகக் குறைத்திருந்தாலும் வாசலில் நின்றபடியே உள்ளே டிவி ஓடுகிறதென்று சொல்லிவிடுவோம். வயது ஏற ஏற அந்த உயரத்து ஒலி காதைவிட்டுப் போய்விடும். அம்மாவுக்கு அது கேட்டதேயில்லை.

*

கடைசியாகக் கெட்ட டிவியில் சத்தம் வந்தது, படம் இல்லை. மெக்கானிக் பெட்டியைத் திறக்கும் முன் கூடத்து விளக்கை அணைக்கச் சொன்னார். டார்ச்சைத் திரைக்கு மிகப் பக்கத்தில் சாய்த்துப் பிடித்தார். கருப்புக்குள் செய்தி வாசிக்கும் பெண்ணின் முகம் மங்கலாகத் தெரிந்தது. உதடு அசைந்தது.

“படம் ஓடுது சார். லைட்டுதான் போயிடுச்சு.”

எல்இடி டிவியின் பேனல் தானாக ஒளி தராது. பின்னால் பட்டை பட்டையாகச் சிறு விளக்குகள், ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராகக் கோத்தவை. ஒன்று வெந்து போனால் தொடர் அறுந்து மொத்தமும் இருண்டுவிடும். அவற்றை வேக வைப்பது பெரும்பாலும் நாம்தான். கடையில் பக்கத்து டிவியை மிஞ்சித் தெரிவதற்காக வைத்த முழு வெளிச்சத்தோடே வீட்டுக்குக் கொண்டுவந்து அப்படியே ஓட விடுகிறோம். மின்னோட்டம் கூடினால் சூடு கூடும், சூடு கூடினால் ஆயுள் குறையும்.

செட்டிங்ஸில் பிரைட்னஸ் என்று இருப்பதைக் குறைத்தால் போதும் என்று நினைக்கிறவர்கள் அதிகம். பல டிவிகளில் அது படத்தின் கருப்பை மட்டும்தான் ஏற்றி இறக்கும். குறைக்க வேண்டியது பேக்லைட். எங்கள் வீட்டில் பாதிக்குக் கீழே வைத்திருக்கிறேன். முதல் நாள் மங்கலாகத் தெரிந்தது, பிறகு கண் பழகிவிட்டது. இராத்திரியில் கூடமே சாந்தமாக இருக்கிறது. டிவிக்கு ஒருவர் செய்யக்கூடியதில் ஆகப் பெரியது இதுதான் என்பது என் தீர்மானம். இதற்குச் செலவும் இல்லை.

*

ஐப்பசி பிறந்தால் எங்கள் நாகப்பட்டினத்தில் வானத்தைப் பார்த்துக்கொண்டே டிவி பார்க்க வேண்டும். தூரத்தில் முதல் உறுமல் கேட்டதும் எழுந்துவிடுவேன். சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கைப் பிடுங்க வேண்டும். கேபிள் ஒயரையும் கழற்ற வேண்டும். மின்னலின் தாக்கம் பெரும்பாலும் அந்த ஒயர் வழியாகவே செட் டாப் பாக்ஸுக்குள் நுழைந்து, எச்டிஎம்ஐ வழியே டிவி போர்டுக்குப் போகிறது. ஸ்டெபிலைசர் வோல்டேஜ் ஏற்ற இறக்கத்துக்கு மட்டும்தான், மின்னலை அது தடுக்காது.

ராத்திரி படுக்கும் முன் சுவரில் சுவிட்சை அணைப்பதும் நல்லது. ரிமோட்டில் அணைத்தால் பவர் போர்டில் ஒரு பகுதி விழித்தே இருக்கும். ஓஎல்இடி டிவி வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இது பொருந்தாது. அணைத்த பிறகுதான் அது தன் திரையைத் தானே சரிபார்த்துக்கொள்ளும், அதற்கு மின்சாரம் இருக்க வேண்டும்.

பின்பக்கத்துக் காற்றுத் துளைகளை அடைக்கக் கூடாது. பழைய பெட்டிகளுக்குப் பூவேலை செய்த உறை தைத்துப் போட்டிருந்தோம். ஓடிய சூடு ஆறுவதற்குள் மூடிவிடுவதும் உண்டு. அந்த வெதுவெதுப்புக்குப் பல்லி உள்ளே போகும். போர்டில் இரண்டு முனைகளைத் தொட்டு அது சாகும், போர்டும் போகும். துளைகளில் படிந்த தூசியை மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிட்டால் போதும்.

ஆயுதபூஜைக்குப் பொட்டு வைக்கும் வழக்கத்தை நான் விடவில்லை. சட்டங்கள் வருஷா வருஷம் மெலிந்து இப்போது பொட்டுக்கு இடமே இல்லை. சந்தனம் திரையில் பட்டுக் காய்ந்தால் சுரண்டத்தான் வேண்டிவரும், அதனால் ஸ்டாண்டின் காலில் வைக்கிறோம்.

*

வேதாரண்யத்தில் சித்தி வீட்டில் 2006-இல் தொடங்கிய தமிழக அரசுத் திட்டத்தில் வந்த 14 அங்குல இலவச கலர் டிவி இன்னும் ஓடுகிறது. அதற்கு முன்பு அந்த வீட்டில் டிவி கிடையாது. ஊரில் ஆன்டெனா வைத்து இலங்கையின் ரூபவாஹினி பார்த்த வீடுகளுக்குப் போய்த்தான் பார்ப்பார்கள். சித்தி அதற்குச் செய்ததெல்லாம் இதுதான்: சுவரைவிட்டு ஒரு முழம் தள்ளி வைத்தாள், மழை வந்தால் பிடுங்கினாள், நாடகம் முடிந்ததும் அணைத்தாள். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க யாரையும் விட்டதில்லை. அது சரியும்கூட. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பிக்சர் டியூபில் மின்சாரம் தங்கியிருக்கும்.

அது நின்றுபோகும் நாள் வந்தால் செம்புக் கம்பிக்காக உடைக்க யாரிடமும் கொடுத்துவிடக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன். உள்ளே வெற்றிடம், அடிபட்டால் கண்ணாடி வெடித்துச் சிதறும். கண்ணாடியில் ஈயமும் இருக்கிறது. 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மின்கழிவு விதிகள் பழைய செட்டுகளை முறையாக மறுசுழற்சி செய்யும் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள் மேல் வைக்கின்றன. பதிவு பெற்ற மறுசுழற்சி நிலையங்களும் இருக்கின்றன.

“ஏன்டா தம்பி, நல்லா ஓடுறதைப் பத்தி இப்பவே எதுக்குப் பேசுற?” என்றாள் சித்தி. அவள் அதற்கு வேறு ஏற்பாடு செய்திருந்தாள். அதே மாடலில் டியூப் போன செட் ஒன்று கடைத்தெரு மெக்கானிக்கிடம் கிடக்கிறதாம். டியூபுக்கு உயர் வோல்டேஜ் கொடுக்கும் அதன் எல்ஓடியைக் கழற்றி, காகிதத்தில் சுற்றி, சித்தி பேரெழுதித் தன் மேசை டிராயரில் போட்டு வைத்திருக்கிறாராம்.