காரிடம் சொல்லும் பொய்

ஹோண்டா இன்சைட் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது 1999 டிசம்பரில். அந்த நாட்டில் பொதுமக்கள் கடைக்குப் போய் வாங்க முடிந்த முதல் ஹைபிரிட் கார் அதுதான். இரண்டே இருக்கைகள், அலுமினிய உடம்பு, பின்சக்கரங்களைப் பாதி மறைக்கும் தகடுகள். 1960களில் யாரோ வரைந்த எதிர்காலப் படத்திலிருந்து தப்பித்து வந்த மாதிரி இருக்கும். 2006-ல் உற்பத்தியை நிறுத்தினார்கள். உலகம் முழுக்க 17,000 சொச்சம்தான் தயாரானது. ஆனால் வாங்கியவர்களில் கணிசமானவர்கள் அதை விடுவதாக இல்லை. அலுமினியம் துருப்பிடிக்காது, ஒரு லிட்டர் எஞ்சினும் சளைக்காமல் ஓடுகிறது. முதலில் சாவது பேட்டரி.

பின்பக்கத் தரைக்கு அடியில் 120 நிக்கல் செல்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றும் பழைய டார்ச் லைட்டில் போடும் பெரிய செல் அளவு, தலைக்கு 1.2 வோல்ட், மொத்தம் 144. வயதாக ஆக இந்த 120-ல் சில தளர்ந்துவிடும், அவற்றோடு சேர்ந்து மொத்த வரிசையும் படுத்துவிடும். புதுசாக ஒன்று வாங்கிப் போடலாம்தான். ஆனால் அதன் விலை இருபது வயதைத் தாண்டிய காரின் விலையையே நெருங்கும். "வித்துட்டு வேற வாங்கிக்கோ" என்று யாரும் சொல்வார்கள், அது நியாயமான யோசனையும்கூட. அதைக் கேட்காத ஒரு சிறு கூட்டம் இருக்கிறது. விபத்தில் சிக்கிய புதிய கார்களிலிருந்து லித்தியம் செல்களைக் கழற்றி வந்து, வீட்டு ஷெட்டில் வைத்துத் தாங்களே பேட்டரி கட்டிப் பொருத்துகிறார்கள்.

கணக்கு எளிது. ஒரு லித்தியம் செல் சுமார் 3.6 வோல்ட் என்றால் 40 செல் போதும். எடை குறையும், இடம் மிச்சமாகும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது.

நிக்கல் செல் பொறுமைசாலி. கொஞ்சம் அதிகமாக சார்ஜ் ஏற்றிவிட்டாலும் உள்ளே உருவாகும் ஆக்சிஜன் மறுமுனைக்குப் போய் மறுபடி சேர்ந்துகொள்ளும். மிச்ச ஆற்றல் சூடாக வெளியேறும். அதற்குள் இருக்கும் திரவம் தண்ணீரில் கரைத்த பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, தீப்பிடிக்காது. அதனால்தான் ஹோண்டா 120 செல்லையும் தனித்தனியாகக் கண்காணிக்கவில்லை. 12 செல்லுக்கு ஒன்று என்ற கணக்கில் பத்து இடங்களில் மட்டும் வோல்டேஜைப் பார்த்தார்கள். லித்தியத்திடம் அந்தப் பொறுமை கிடையாது. பெரும்பாலான வகைகளில் ஒரு செல் 4.2 வோல்ட்டைத் தாண்டினால் கிராஃபைட் முனையில் லித்தியம் உலோகமாகவே படியத் தொடங்கும். உறைகுளிரில் சார்ஜ் ஏற்றினாலும் இதேதான். உள்ளே இருக்கும் திரவமோ எரியக்கூடிய கரைப்பான். ஆகவே ஒவ்வொரு செல்லின்மீதும் தனியாக ஒரு கண் வேண்டும்.

காருக்கு இது எதுவும் தெரியாது. அதன் பேட்டரி கம்ப்யூட்டருக்கு நிக்கல் ஒன்றைத்தான் தெரியும். நிக்கல் சார்ஜ் ஏறும்போது எப்படி நடந்துகொள்ளும், எந்த வோல்டேஜில் களைத்துப்போகும் என்பதெல்லாம் இருபத்தைந்து வருடத்துக்கு முன் எழுதப்பட்டு உறைந்து கிடக்கிறது. நன்றாக சார்ஜ் ஏறிய லித்தியம் பேட்டரியின் உண்மையான வோல்டேஜைக் காட்டினால் அது கோளாறு என்று முடிவுகட்டி ஹைபிரிட் பகுதியையே துண்டித்துவிடலாம். எனவே நடுவில் ஒரு சர்க்யூட் போர்டு உட்காருகிறது. அது லித்தியம் செல்களைத் தானே அளக்கிறது, தானே காக்கிறது. காரிடம் மட்டும் வேறு எண்களைச் சொல்கிறது: "நான் அந்தப் பழைய நிக்கல் பேட்டரிதான், இப்போது இவ்வளவு வோல்ட் இருக்கிறேன்." சார்ஜ் போதும் என்று தோன்றினால் "நிரம்பிவிட்டேன்" என்கிறது. கார் நம்பிவிடுகிறது.

வீட்டில் கட்டும் பேட்டரியில் செல் அடுக்குவதோ செப்புப் பட்டை வெட்டுவதோ எனக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை. அந்த வேலையின் நெஞ்சு இந்தப் பொய்தான். திறமையாக, இடைவிடாமல், விநாடிக்குப் பல முறை சொல்லப்படும் பொய்.

நான் பிழைப்புக்குச் செய்யும் மென்பொருள் வேலையில் இது அன்றாடம். இருபது வருடப் பழைய ஒரு நிரல் ஓடிக்கொண்டிருக்கும், அதைத் தொட ஆளில்லை. அதற்குப் பின்னால் இருக்கும் தரவுத்தளத்தை மாற்றியாக வேண்டும். நடுவில் ஒரு அடாப்டர் எழுதி, புதியதைப் பழையதன் குரலில் பேச வைப்போம். யாரும் இதைப் பொய் என்று சொல்வதில்லை. "கம்பேட்டிபிலிட்டி" என்ற கௌரவமான பெயர் இருக்கிறது. ஆனால் நடப்பது என்ன? ஒரு தரப்புக்கு உண்மை தெரியக் கூடாது, தெரிந்தால் வேலை நின்றுவிடும் என்பதால் அதன் காதில் அது எதிர்பார்ப்பதை ஓதுகிறோம்.

இயந்திரத்திடம் சொல்வது பொய்யாகுமா என்று கேட்கலாம். இமானுவேல் கான்ட் 1797-ல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், நண்பனைக் கொல்லத் தேடி வருபவனிடம்கூடப் பொய் சொல்லும் உரிமை நமக்கு இல்லை என்று வாதிட்டார். அவ்வளவு கறாரான மனிதரும் காரைப் பற்றிக் கவலைப்பட்டிருக்க மாட்டார். அவருடைய விதி பகுத்தறிவுள்ள உயிர்களுக்கு இடையிலானது, கார் ஏமாறுவதால் காருக்கு ஒன்றும் ஆவதில்லை. நம் ஊர் மரபு இன்னும் நெகிழ்வானது. திருக்குறளின் வாய்மை அதிகாரம் நடந்ததை நடந்தபடி சொல்வது என்ற இடத்தில் தொடங்கவில்லை. சொல்லால் யாருக்கும் தீமை வராதிருப்பதுதான் அங்கே அளவுகோல். அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் போர்டு சொல்லும் பொய் பொய்யே இல்லை, காரைக் குப்பைக்குப் போகாமல் காப்பாற்றும் நல்ல வார்த்தை.

இங்கேயே நின்றுவிடலாம். எனக்கு நிற்க முடியவில்லை.

அந்த பேட்டரி கம்ப்யூட்டரை நான் ஒரு பொருளாக மட்டும் பார்க்கவில்லை. 1990களின் கடைசியில் ஜப்பானில் ஏதோ ஒரு பொறியாளர் உட்கார்ந்து, இந்த வோல்டேஜைத் தாண்டினால் நிறுத்து, இந்தச் சூட்டைத் தாண்டினால் துண்டி என்று எழுதியிருக்கிறார். அவருடைய பயம் அதற்குள் இருக்கிறது. போர்டு பொய் சொல்லத் தொடங்கியதும் அந்தக் காவலாளி கண்ணைக் கட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார். அவர் பார்த்த வேலையை இனி யார் பார்ப்பது? ஷெட்டில் பேட்டரி கட்டியவர்தான். நல்ல கைகாரர்கள் இதைத் தெரிந்தே செய்கிறார்கள்: ஒவ்வொரு செல்லுக்கும் அளவி, தனி ஃபியூஸ், குளிர்காலத்துக்கு ஹீட்டர், பழையதைவிட நூறு மடங்கு நுணுக்கமான கண்காணிப்பு. இவர்களில் சிலர் தங்கள் வடிவமைப்பையும் நிரலையும் மொத்தமாகத் திறந்து வைத்து யார் வேண்டுமானாலும் குறை கண்டுபிடிக்கலாம் என்று விடுகிறார்கள். எனக்கு அவர்கள்மேல் பெரிய மரியாதை உண்டு.

ஆனாலும் கைத்திறனை மட்டும் நம்ப முடியாது. 2008-ல் அமெரிக்காவின் தென் கரோலினாவில், லித்தியம் பேட்டரி பொருத்தி மாற்றியமைக்கப்பட்ட ஒரு டொயோட்டா ப்ரியஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே தீப்பிடித்து எரிந்தது. ஓட்டியவர் தப்பினார். அதில் இருந்தவை லித்தியம் வகைகளில் பாதுகாப்பானவை என்று பெயர் வாங்கிய இரும்பு பாஸ்பேட் செல்கள். ஆய்வாளர்கள் கைகாட்டியது வேதியியலை அல்ல, சரியாக முறுக்கப்படாத மின் இணைப்பு போல்ட்டுகளை. அந்த காரில் வேலை பார்த்தவர்கள் இதைத் தொழிலாகச் செய்தவர்கள்.

"அப்போ தடை பண்ணிடு" என்று ஒரு கட்சி எப்போதும் தயாராக இருக்கும். 2015 ஜூலையில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அந்த நாட்டின் பதிப்புரிமை அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதியது. கார் மென்பொருளின் பூட்டைத் திறக்க உரிமையாளர்களுக்குச் சட்ட விலக்கு தர வேண்டாம், திறந்தால் புகைக் கட்டுப்பாட்டைக் கெடுத்துவிடுவார்கள் என்பது சாரம். கார் நிறுவனங்களும் எதிர்த்தன. சரியாக இரண்டு மாதம் கழித்து, செப்டம்பர் 18 அன்று, அதே முகமை வோல்க்ஸ்வாகன் விவகாரத்தை வெளியிட்டது. சோதனை நடப்பதை மோப்பம் பிடித்து அப்போது மட்டும் புகையைக் குறைத்துக்கொள்ளும் மென்பொருள், உலகம் முழுக்க சுமார் 1.1 கோடி கார்களில். பூட்டு பத்திரமாகத்தான் இருந்தது. பொய் உள்ளே இருந்து வந்தது. அடுத்த மாதமே உரிமையாளர்களுக்கு அந்த விலக்கு அறிவிக்கப்பட்டுவிட்டது.

இரண்டு பொய்யையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். வோல்க்ஸ்வாகனில் கார் மனிதர்களிடம் பொய் சொன்னது. ஷெட்டில் மனிதர் காரிடம் பொய் சொல்கிறார். முதலாவது குற்றம், இரண்டாவது கைவேலை என்று பிரித்துவிட ஆசையாக இருக்கிறது. ஆனால் காருக்குள் போன பொய் காருக்குள்ளேயே தங்குவதில்லை. கார் எந்நேரமும் நம்மிடம் பேசிக்கொண்டிருக்கும் ஒன்று. டாஷ்போர்டில் ஏறி இறங்கும் சார்ஜ் கோடுகள் அந்த பேட்டரி கம்ப்யூட்டர் சொல்வதைத்தான் காட்டுகின்றன. கட்டியவருக்கு அந்தக் கோடுகளின் உண்மைப் பொருள் தெரியும். சனிக்கிழமை காரை எடுத்துக்கொண்டு போகும் அவர் மனைவிக்கு? அஞ்சு வருடம் கழித்து அதை வாங்கப்போகும் கல்லூரி மாணவனுக்கு?

தீயணைப்பு வீரரைத்தான் நான் அதிகமாக நினைத்துக்கொள்கிறேன். ஹைபிரிட் கார்களுக்கென்று நிறுவனங்கள் மீட்புப் பணியாளர் கையேடு வெளியிடுவது வழக்கம். பழைய ப்ரியஸ் கையேடு, பேட்டரி கசிந்தால் அந்தக் காரத்தைப் போரிக் அமிலமோ வினிகரோ கொண்டு முறிக்கலாம் என்கிறது. நிக்கலுக்கு அது சரி. லித்தியம் தீ வேறு ஜாதி. குளிர்விக்க ஏராளமாகத் தண்ணீர் வேண்டும், அணைந்தது போலத் தெரிந்து பல மணி நேரம் கழித்து மறுபடி பற்றிக்கொள்ளும். நசுங்கிக் கிடக்கும் காரின் பெயர்ப்பலகையைப் பார்த்து, பயிற்சியில் படித்ததை நினைவுகூர்ந்து ஒருவர் கையை உள்ளே விடுகிறார். காரிடம் சொன்ன பொய், அதைக் கேட்டே இராத ஒருவரைப் போய்ச் சேர்கிறது. குறளின் அளவுகோலில் அது தேறாமல் போவது இந்த இடத்தில்தான்.

அதனால் பேட்டரி கட்டாதே என்று நான் சொல்லவில்லை. கார் அவருடையது. பேட்டரி செத்ததற்காக நல்ல எஞ்சினையும் அலுமினியத்தையும் நசுக்கி உருக்குவது எனக்கு உறுத்தலாகத்தான் இருக்கிறது. 2004-ல் கலிஃபோர்னியாவில் ஒரு சிறு குழு சாதாரண லெட் ஆசிட் பேட்டரிகளைக் கொண்டு ப்ரியஸை வீட்டு ப்ளக்கில் சொருகும் காராக மாற்றிக் காட்டியபோது, ப்ளக்கே தேவையில்லை என்பதுதான் டொயோட்டாவின் விளம்பரம். 2012-ல் அதே டொயோட்டா ப்ளக் வைத்த ப்ரியஸை விற்றது. ஷெட்டுகளைப் பூட்டினால் இதெல்லாம் நடக்காது.

காரிடம் எதை வேண்டுமானாலும் சொல்லுங்கள், மனிதர்களிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்பதுதான் நான் வந்து சேரும் இடம். சொல்ல எளிது, செய்யும்போது அற்பமான கேள்விகளாக வந்து நிற்கும். விற்கும்போது வாங்குபவரிடம் சொல்லலாம். அவர் அடுத்தவரிடம் சொல்வாரா? இன்சூரன்ஸ்காரரிடம் சொன்னால் கதை அத்தோடு முடிந்துவிடுமோ என்று பயம். ஸ்டிக்கர் ஒட்டலாம் என்றால் எங்கே ஒட்டுவது? பலரும் பேட்டரிப் பெட்டியின் மேலேயே "லித்தியம்" என்று எழுதி வைக்கிறார்கள். அது பத்துப் பதினைந்து போல்ட்டுகளைக் கழற்றிய பிறகுதான் கண்ணுக்குத் தெரியும். அதைப் படிப்பவர் அதற்குள் தன் கையை ஆபத்தில் வைத்துவிட்டார்.

இன்சைட்டில் பின்பக்கத் தரை விரிப்பைத் தூக்கினால் ஒரு சின்ன மூடி இருக்கும். அதற்குள் பேட்டரியைத் துண்டிக்கும் சுவிட்ச். காரைத் தெரிந்த மெக்கானிக்கோ மீட்புப் பணியாளரோ முதலில் தொடுவது அந்த மூடியைத்தான். எழுத வேண்டிய இடம் அது என்று நினைக்கிறேன்: இது நிக்கல் அல்ல, இத்தனை லித்தியம் செல், இன்ன வகை, இந்தத் தேதியில் பொருத்தியது, இந்த சுவிட்சை அணைத்தாலும் பெட்டிக்குள் மின்சாரம் இருக்கும். கூடவே கட்டியவரின் பெயரும் ஃபோன் நம்பரும், பெரிய எழுத்தில், நனைந்தால் அழியாத மையில்.