ஓய்வும் வேலையின்மையும்

அமெரிக்காவில் ஆரிகன் மாநிலத்து ஹூட் மலைச் சரிவில் டிம்பர்லைன் லாட்ஜ் என்றொரு விடுதி. அதற்கு மேலே, பால்மர் பனிவெளியில், கோடையிலும் சறுக்கி விளையாடுகிறார்கள். வெயிலில் இளகும் பனியை உப்புத் தூவி இறுக்குவார்கள். கேளிக்கைக்குப் பருவம்கூடத் தடையில்லை.

என்னை உறுத்துவது உப்பல்ல, விடுதியைக் கட்டியவர்கள். 1930களின் மந்தத்தில் வேலையிழந்தவர்களுக்குக் கூலி கொடுத்து அரசு கட்டுவித்தது அது. 1937 செப்டம்பரில் ரூஸ்வெல்ட் அதை அர்ப்பணித்தார். கழித்துப்போட்ட டெலிபோன் கம்பங்கள் படிக்கட்டுத் தூண்களாயின. அவற்றின் தலைகளில் மிருகங்களையும் பறவைகளையும் செதுக்கினார்கள்.

வேலையற்றவன், ஓய்வில் இருப்பவன் இருவருமே வேலை செய்யவில்லை. ஒருவனுக்கு அது அவமானம், மற்றவனுக்கு அந்தஸ்து. திரும்பிப் போக ஒரு வேலை இருப்பதால்தான் ஓய்வு ஓய்வாகிறது என்று நம்பியிருந்தேன். ஆனால் ஒருநாளும் வேலைக்குப் போகத் தேவையில்லாத பணக்காரனை யாரும் வேலையற்றவன் என்பதில்லை. ஆக, வித்தியாசம் வேலையில் இல்லை. நாளைய சோறு நிச்சயமா என்பதில் இருக்கிறது.

செதுக்கியவன் அடைந்த நிறைவு சறுக்குபவனுடையதைவிடக் குறைந்தது என்று நான் நினைக்கவில்லை. அதிகமாகவே இருக்கலாம். ஆனால் அப்படிச் சொல்லி அந்த ஏற்பாட்டை நியாயப்படுத்தும் உரிமை, ஓய்வாக உட்கார்ந்து இதை எழுதும் எனக்கு இல்லை.