சொல்லாததும் சேதிதான்

2025 ஜூன் 1-ம் தேதி ரஷ்ய விமான தளங்களுக்குள் புகுந்து உக்ரைனின் ட்ரோன்கள் தாக்கின. அவற்றை ஓட்டியது 'ஆர்டுபைலட்' என்கிற மென்பொருள். பொம்மை விமானம் விடுகிற ஆசாமிகள் பொழுதுபோக்காக ஆரம்பித்தது. பல தேசத்து ஆட்கள் சேர்ந்து இலவசமாக வளர்த்தது. வயலுக்கு மருந்து தெளிக்கவும் அதுதான், குண்டு போடவும் அதுதான்.

'தொழில்நுட்பம் பேசுகிற சர்வதேச சபையில் ராணுவ சமாசாரம் வேண்டாமே' என்று சிலர் சொல்வதுண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எது ராணுவம் என்று பேசுகிறவருக்கே அப்போது தெரியாதே, என்ன செய்ய?

1939-ல் இதே தகராறு வந்தது. யுரேனியம் அணு பிளந்தால் எத்தனை நியூட்ரான் வெளியே வரும்? சுத்தமான இயற்பியல் கேள்வி. நியூயார்க்கில் இருந்த லியோ சிலார்டுக்கு மட்டும் வயிற்றில் புளியைக் கரைத்தது. ஒன்றுக்கு மேல் வந்தால் தொடர்வினை, தொடர்வினை என்றால் குண்டு, குண்டு என்றால் ஹிட்லர். வெளியிடாமல் இருக்கலாமே என்று பாரிஸில் இருந்த ஜோலியோ க்யூரிக்குக் கடிதம் போட்டார். அவர் கேட்கவில்லை. ஏப்ரலில் 'நேச்சர்' பத்திரிகையில் எண்ணிக்கையே அச்சாகிவிட்டது. அதே மாதம் ஜெர்மன் விஞ்ஞானிகள் இருவர், அணுவில் பயங்கர வெடிமருந்து இருக்கிறது என்று தங்கள் ராணுவ அமைச்சகத்துக்கு எழுதினார்கள்.

அப்படியானால் வாயை மூடிக்கொள்வதே உத்தமமா? அவசரப்படாதீர்கள். பிறகு அமெரிக்கர்கள் நிஜமாகவே மூடிக்கொண்டார்கள். 1942-ல் சோவியத் விமானப் படையில் இருந்த ஃபிளெரோவ் என்கிற இளம் இயற்பியலாளர், வரோனெஷ் நகர நூலகத்தில் வெளிநாட்டுப் பத்திரிகைகளைப் புரட்டினார். அணுப்பிளவு பற்றி மூச்சே இல்லை. பெரிய தலைகள் எல்லாம் ஒரே சமயத்தில் மௌன விரதம் இருந்தால் என்ன அர்த்தம்? குண்டு தயாராகிறது என்று ஊகித்து, ஸ்டாலினுக்கே கடிதம் எழுதிவிட்டார். சொல்லாததும் சேதிதான்.

1977-ல் இன்னொரு கதை. சங்கேதக் கணிதம் பற்றிய கட்டுரைகளைச் சர்வதேச மாநாட்டில் படித்தால் ஆயுத ஏற்றுமதிச் சட்டம் பாயலாம் என்று அமெரிக்க உளவு அமைப்பான என்.எஸ்.ஏ.வின் ஊழியர் ஒருவர் எச்சரித்தார். கணக்குக்கு ஆயுத லைசென்ஸா! ஸ்டான்ஃபோர்டின் மார்ட்டின் ஹெல்மன் பின்வாங்கவில்லை. மாணவர்களுக்குச் சிக்கல் வரக்கூடாது என்று அவர்களைப் பக்கத்தில் நிற்க வைத்து, கட்டுரைகளைத் தானே படித்தார். இன்று நீங்கள் இணையத்தில் பணம் அனுப்பும்போது காவல் காப்பது அந்த வகைக் கணிதம்தான்.

நேர் எதிராக நடந்தவர் நார்பர்ட் வீனர். இரண்டாம் உலகப் போரில் விமான எதிர்ப்புப் பீரங்கிக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தவர். போர் முடிந்தபின், ஏவுகணை வேலைக்காக அவருடைய பழைய அறிக்கையின் பிரதியை ஒரு விமானக் கம்பெனிக்காரர் கேட்டார். தர முடியாது என்று வீனர் எழுதிய பதில் 1947 ஜனவரி 'அட்லாண்டிக்' இதழில் வெளியானது. ராணுவம் என்றாலே தீட்டு என்று அவர் சொல்லவில்லை. ஏவுகணை விழப்போவது தற்காத்துக்கொள்ள வழியில்லாத ஜனங்கள் தலையில். அதற்கு என் கணக்கு வேண்டாம் என்றார்.

ஒருவர் துணிந்து சொன்னார், மற்றவர் துணிந்து மறுத்தார். எனக்கு இருவருமே சரியாகத்தான் படுகிறார்கள். இருவரும் தலைப்பைப் பார்த்து முடிவெடுக்கவில்லை. இது யார் கைக்குப் போகும், போனால் யாருக்கு என்ன ஆகும் என்று பார்த்தார்கள். ஹெல்மன் கொடுத்தது எல்லோர் வீட்டுக்கும் ஒரு பூட்டு. வீனரிடம் கேட்டது ஊரை எரிக்க ஒரு கொள்ளி.

இந்தக் கேள்வியைக் கேட்டும் கணிப்பு தவறலாம். ஜோலியோ க்யூரி ஒன்றும் கெட்டவர் அல்ல; பின்னாளில் நாஜிகளை எதிர்த்துப் பாரிஸில் தலைமறைவாக வேலை செய்தவர். அதனால் கேள்வியே வேண்டாம் என்று ஆகிவிடாது. 'ராணுவம் கூடாது' என்று வாசலில் எழுதிப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குவது சுலபம். 'அறிவு எல்லோருக்கும் பொது' என்று கையைக் கழுவுவது அதைவிடச் சுலபம். பேச வேண்டியதைப் பேசலாம், ராணுவமானாலும். வாயைத் திறக்குமுன் யார் தலையில் விழும் என்று ஒரு நிமிஷம் நினைத்துப் பார்க்க வேண்டும். அந்த ஒரு நிமிஷத்தை எந்தச் சபை விதியும் நமக்காக யோசித்துத் தராது.