கடன் வாங்கிய கோடரி

"இது நான் கட்டின வீடு." அப்பா இதைச் சொல்லாத நாளே கிடையாது.

சேலம் அம்மாபேட்டையில் ஒரு கூடம், இரண்டு அறை, பின்னால் ஒரு கிணறு. 1982-ல் பி.எஃப். பணம், அம்மாவின் இரட்டை வடச் சங்கிலி, பெரியப்பாவிடம் வாங்கிய கைமாற்று எல்லாம் சேர்ந்து எழும்பிய வீடு. விருந்தாளி யார் வந்தாலும் காபிக்கு முன்னால் வீட்டுக் கதை வந்துவிடும். சிமென்ட் மூட்டை என்ன விலை, மணல் லோடு எத்தனை என்று காற்புள்ளி அரைப்புள்ளியோடு சொல்வார்.

நான் ஏழாவது படித்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை. வாசலுக்கு எதிரே வயசான ஒருவர், கூடவே ஒரு சின்னப் பையன். உள்ளே வரவில்லை. ரோட்டில் நின்றபடியே எங்கள் மொட்டைமாடிச் சுவரைக் காட்டி பையனிடம் சொன்னார்: "இது தாத்தா கட்டின வீடுடா."

அம்மாதான் அடையாளம் கண்டுகொண்டாள். "அடடே, மேஸ்திரியா? வாங்க, உள்ள வாங்க!"

வந்தார். உட்காரவில்லை. கூடத்துச் சுவரை உள்ளங்கையால் தடவினார். "விரிசல் கிரிசல் ஏதும் விடலியேம்மா?" என்று கேட்டார். காபி குடித்துவிட்டுப் போய்விட்டார். அவர் தலை மறைந்ததும் அப்பா முணுமுணுத்தார்: "கூலி வாங்கிட்டு வேலை பார்த்த ஆளு. என்னமோ தன் வீடு மாதிரி சொல்லிட்டுப் போறான்."

ஒரே வீடு. ஒரே வாக்கியம். சொன்னவர்கள் இரண்டு பேர். யார் சொன்னது நிஜம்?

நான் பின்னால் பி.காம் படித்தேன். அங்கே சொல்லிக்கொடுத்த கணக்குப்படி அப்பா பக்கம்தான் நியாயம். கூலி கொடுத்தாச்சு, பற்றும் வரவும் நேராச்சு, கோடு போட்டாச்சு. வீடு முதலாளியின் சொத்துக் கணக்கில் ஏறும். மேஸ்திரி செலவுக் கணக்கோடு முடிந்துபோவார். நம் பேச்சு வழக்கும் அப்படித்தான். "வீடு கட்டிட்டு இருக்கேன்" என்று ஏசி அறையில் உட்கார்ந்து சொல்கிறோம். வெயிலில் நிஜமாகவே கட்டிக்கொண்டிருப்பவர் அப்படிச் சொல்வதில்லை. அவர் "வேலைக்குப் போயிட்டு வர்றேன்" என்றுதான் சொல்கிறார்.

இந்தப் பழைய வழக்கு மறுபடி என் மேஜைக்கு வந்தது ஏற்காட்டில்.

*

நண்பர் ஒருவர். இருபது வருஷம் சென்னையில் வங்கி உத்தியோகம். ஒருநாள் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு, ஃபிளாட்டை விற்று, சேர்வராயன் மலையில் காபித் தோட்டங்களுக்கு நடுவே ஒரு ஏக்கர் வாங்கினார். அவரைப் பார்க்க, சேலம் அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மேலே போனேன். நாலு கோழி, ஒரு பசு, பீன்ஸ் பாத்தி, சில்வர் ஓக் மரங்களைச் சுற்றி ஏறிய மிளகுக் கொடி. நடுவில் ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் கையில் உளியோடு நண்பர்.

மரச் சட்ட வீடு கட்டப் போகிறாராம், தன் கையால். "பணம் போட்டவனும் நானே, கை போட்டவனும் நானே. அப்பத்தான் நான் கட்டின வீடுன்னு சொல்ல முடியும்" என்றார். எனக்கு அப்பாவும் மேஸ்திரியும் ஒரே ஆளாக வந்து நிற்கிற மாதிரி இருந்தது.

இந்த மாதிரி வீட்டில் சுவர் பாரம் தாங்காது. கல்யாணப் பந்தல் மாதிரி முதலில் கால்கள், மேலே உத்தரம், மூலைக்கு மூலை சாய்வு முட்டு. எலும்புக்கூடு நின்ற பிறகுதான் மண்ணோ பலகையோ வைத்துச் சுவர். ஒரு கட்டையில் சதுரமாகத் துளை. இன்னொரு கட்டையின் முனையில் அதற்குள் கச்சிதமாக நுழைகிற நாக்கு. இரண்டையும் சேர்த்து, குறுக்கே ஒரு மர ஆணி. நூல் அளவு பிசகினால் ஆடும். நூல் அளவு இறுகினால் பிளக்கும்.

சொந்த நிலத்து மரமாக இருந்தாலும் மலையில் நினைத்த மாத்திரத்தில் வெட்டிவிட முடியாது. அதற்கு 1955-லேயே சட்டம் வந்துவிட்டது. அனுமதி வாங்கி நாலு சில்வர் ஓக்கை இறக்கினார். ஈரம் காய்வதற்குள் அவசரப்பட்டு இழைத்ததில் முதல் உத்தரம் முறுக்கிக்கொண்டு அப்பளமாகிவிட்டது. பிறகு அடிவாரத்தில் ஒரு வயசான ஆசாரியிடம் போய் மூன்று மாசம் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். மீதிக் கட்டைகளைப் பழைய மரக்கடையில் வாங்கினார். யாருடைய வீட்டையோ இடித்து எடுத்த தேக்கு.

"ஆசாரிக்கு என்ன கொடுத்தீங்க?" என்று கேட்டேன். புத்தி போகாதே!

"வாங்க மாட்டேன்னுட்டார். ஒரு உளியும் கொடுத்தனுப்பினார்" என்றார்.

*

இந்தப் பித்துக்கெல்லாம் மூத்த முன்னோடி ஒருத்தர் உண்டு. அமெரிக்காவின் ஹென்றி டேவிட் தோரோ. 1845-ல் 27 வயசில், வால்டன் என்ற குளக்கரையில், பத்தடிக்குப் பதினைந்தடியில் தன் கையாலேயே ஒரு மர வீடு கட்டி, பீன்ஸ் பயிரிட்டு, இரண்டு வருஷத்துக்கு மேல் வாழ்ந்தவர். அந்த அனுபவத்தை எழுதிய புத்தகம் 1854-ல் வந்தது. இன்றைக்கும் உலகம் முழுக்க வேலையை விட்டுவிட்டு மலையேறுகிற ஆசாமிகளின் பையில் அது இருக்கிறது.

என் மாதிரி காமர்ஸ் ஆளுக்கு அதில் பிடித்தது கணக்குதான். வீட்டுக்கு ஆன மொத்தச் செலவு 28 டாலர் பன்னிரண்டரை சென்ட். ஆணிக்கு 3 டாலர் 90 சென்ட். பழைய செங்கல் ஆயிரத்துக்கு 4 டாலர். சாக்பீஸுக்கு 1 சென்ட்! எங்கப்பா படித்திருந்தால் கட்டிப்பிடித்துக்கொண்டிருப்பார்.

ஆனால் ஆடிட்டர் கண்ணோடு பார்த்தால் சில அயிட்டங்கள் இடிக்கின்றன. நிலம் தோரோவுடையது இல்லை. அவருடைய நண்பர் எமர்சனுடையது. வேலையை ஆரம்பித்த கோடரி இரவல் வாங்கியது. வாங்கியபோது இருந்ததைவிடக் கூர்மையாகத் திருப்பிக் கொடுத்தேன் என்கிறார். அதில் ஒரு நேர்மை இருக்கிறது. பலகைகளில் பெரும்பாலானவை ரயில் பாதை வேலைக்கு வந்த ஓர் அயர்லாந்துக்காரர் குடும்பத்தோடு இருந்த குடிசையை நாலேகால் டாலருக்கு வாங்கிப் பிரித்து எடுத்தவை. எல்லாவற்றுக்கும் மேல், கோத்து முடித்த சட்டத்தை நிமிர்த்தி நிறுத்த ஒரு நாள் நண்பர்கள் திரண்டு வந்தார்கள். எமர்சனும் வந்தார்.

பலகையைத் தவிர இவை எதுவும் அந்த 28 டாலரில் வரவில்லை. தோரோ மறைக்கவில்லை, எல்லாவற்றையும் அவரே எழுதியிருக்கிறார். கணக்கில் ஏற்ற அவற்றுக்கு விலைதான் இல்லை.

மரச் சட்ட வீட்டில் இதுதான் சூட்சுமம். துளை போடலாம், நாக்கு செதுக்கலாம், மாசக்கணக்கில் தனியாகவே உழைக்கலாம். தூக்கி நிறுத்துகிற அந்த ஒரு நாளில் ஒண்டி ஆளால் ஒன்றும் முடியாது. மரமே சொல்லிவிடும், "போய் நாலு பேரைக் கூட்டிட்டு வாப்பா" என்று.

*

நண்பருக்கும் அந்த நாள் வந்தது. அக்கம்பக்கத்து மலை கிராமத்தில் போய்ச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை காலையில் எட்டு பேர் வந்தார்கள்.

சேர்வராயன் மலையின் மூத்த குடிகள் அவர்கள். மலையாளிகள் என்று பெயர். கேரளாவுக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை. தமிழ் பேசுகிற மலைமக்கள். காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் தங்கள் முன்னோர் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் கதை. சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820-களில் இங்கே காபியைக் கொண்டுவருவதற்கு வெகுகாலம் முன்பே அவர்கள் இங்கே இருந்தார்கள். மூங்கிலைப் பிளந்து பின்னி, செம்மண் பூசி, மேலே புல் வேய்ந்த வீடுகள் அவர்களுடையவை. கழியோடு கழியைச் சேர்த்து, இழுத்து முடிச்சுப் போட்டுக் கட்டுவது. வீடு 'கட்டுவது' என்று நாம் ஏன் சொல்கிறோம் என்று எனக்கு அங்கேதான் உறைத்தது. கயிறும் முடிச்சும் கொண்டு செய்கிற வேலையின் பெயரை நாம் செங்கல்லுக்கும் சிமென்ட்டுக்கும் இன்னும் வைத்துக்கொண்டிருக்கிறோம்.

மத்தியானத்துக்குள் நாலு சட்டமும் நிமிர்ந்துவிட்டன. நண்பர் கண் கலங்கி நின்றார். வந்தவர்களில் மூத்தவர், ஒரு பெரியவர், உத்தரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்டார்:

"நல்லாத்தான் இருக்கு சார். ஆனா இதுக்கா இவ்ளோ பாடு? எங்கப்பன் காலத்துல நாங்களும் கையாலதான் கட்டுனோம். புல்லு மக்கிப் போகும், மாத்தணும். ராத்திரி மழை வந்தா புள்ளைங்களைத் தூக்கிக்கிட்டு மூலைக்கு மூலை நகரணும். இப்ப தளம் போட்ட வீட்டுலதான் நிம்மதியாத் தூங்குறேன்."

யாரும் பதில் சொல்லவில்லை. நண்பருக்கு லட்சியமாக இருப்பது, பெரியவருக்கு வேறு வழியில்லாத காலத்து ஞாபகம். நண்பர் ஃபிளாட்டை விற்றுவிட்டு மண்ணுக்கு வந்தவர். பிடிக்காவிட்டால் திரும்பிப் போக அவருக்கு வைப்பு நிதி இருக்கிறது. பெரியவருக்கு அது இருந்ததில்லை. அதையும் கணக்கில் எழுதத்தான் வேண்டும்.

கூலி எவ்வளவு என்று நண்பர் கேட்டார். பெரியவர் தலையாட்டினார்.

"கூலி வேணாம் சார். என் பேரன் வீட்டுக்குத் தளம் போடறப்ப சொல்லி அனுப்பறேன். வந்து ஒரு கை குடுங்க."

ஆறு மாசம் கழித்துச் சொல்லி அனுப்பினார்கள். சிமென்ட் என்ற வார்த்தையைக் கேட்டாலே முகம் சுளிக்கிற என் நண்பர், அன்றைக்குக் காலை ஏழு மணியிலிருந்து சாயங்காலம் வரை தலையில் சும்மாடு கட்டிக்கொண்டு கான்கிரீட் சட்டி தூக்கினார். "என் கொள்கை போச்சு. ஆனா வாழ்க்கையில முதல்தடவையா ஒரு கடனை உருப்படியா அடைச்ச மாதிரி இருந்துச்சு" என்று ராத்திரி போனில் சொன்னார்.

கடன் என்ற சொல்லைப் பாருங்கள். வங்கியில் வாங்குவதும் கடன், செய்தே தீர வேண்டிய கடமையும் கடன். காலைக்கடன், நன்றிக்கடன் என்கிறோமே! கூலி கொடுத்தால் முதல் கடன் தீர்ந்துவிடும். கொடுக்கத்தான் வேண்டும், காயும் வியர்வைக்கு முன்னால் கொடுக்க வேண்டும். கொடுத்தபிறகும் இரண்டாவது கடன் பாக்கி இருக்கிறது. என் பி.காம் பேரேட்டில் அதற்குப் பக்கம் இல்லை. அதனாலேயே அது இல்லை என்று நானும் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தன் கையால் தன் வீட்டைக் கட்டிக்கொள்ள நினைப்பது நல்ல ஆசைதான். அந்த ஆசை ஒருத்தரைத் தனியாளாக்கும் என்றுதான் நான் பயந்தேன். நண்பருக்கு நேர்மாறாக நடந்தது. எதையும் காசு கொடுத்து முடித்துக்கொண்டிருந்த மனுஷன், இன்று யாருக்கெல்லாம் கடன்பட்டிருக்கிறார் என்று பெயர் பெயராகச் சொல்கிறார். அந்த ஆசாரி, அந்த எட்டு பேர், தேக்குக் கட்டையைத் தாங்கியிருந்த, முகம் தெரியாத ஒரு வீட்டுக்காரர். இப்போது "நான் கட்டின வீடு" என்று அவர் சொல்வதில்லை. "நாங்க நிறுத்தின வீடு" என்கிறார்.

தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டியது யார் என்றால் ராஜராஜன் என்று குழந்தைகூடச் சொல்லும். ஆனால் அந்த ராஜராஜனின் கோயில் கல்வெட்டிலேயே குஞ்சரமல்லன் என்கிற பெருந்தச்சனின் பெயரும் இருக்கிறது. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால், ஒரு சக்கரவர்த்திக்கு அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் தெரியவில்லை.

அப்பா போய்விட்டார். அம்மாபேட்டை வீட்டை இரண்டு வருஷம் முன்னால் விற்றோம். கிரயப் பத்திரத்தில் சர்வே நம்பர், நாலு பக்க எல்லை, கிணறு, இரண்டு தென்னை மரம் வரைக்கும் இருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு வந்த அன்று ராத்திரி அம்மாவிடம் கேட்டேன்:

"அந்த மேஸ்திரி பேரு என்னம்மா?"

அம்மா ரொம்ப நேரம் யோசித்தாள்.

"மேஸ்திரின்னுதாண்டா கூப்பிடுவோம்" என்றாள்.

நாற்பது வருஷம் அவர் எழுப்பிய கூரையின் கீழ் தூங்கியிருக்கிறோம். ஒரு விரிசல் விடவில்லை. உங்கள் வீட்டு மேஸ்திரியின் பெயர் உங்களுக்குத் தெரியுமா? தெரியாவிட்டால், சொல்லத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வைத்துவிடுங்கள்.